வெட்டப்பட்டவர் செவ்வாய்க்கிழமை வந்தார்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து, மழை பெய்த மைதானத்தில் இரண்டு அணியும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழும்பிப் போன பிறகு கிடக்கும் புல்லைப் போல இருக்கும். ண, ன, ந மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். யாரை எப்போது கூப்பிடுவது என்ற குழப்பம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து இருக்கிறது. இதை அச்சுக்கு எடுத்தவர் முடிந்தவரை திருத்தியிருப்பார். மிச்சம் இருந்தால் அதுவும் என்னுடையதுதான். அவரோடு சண்டைக்குப் போகவேண்டாம்.

ஆனாலும் ஒரு பெருமை எனக்கு உண்டு. என்னுடைய எழுத்துப் பிழையைத் தொலைக்காட்சியில் காட்டியிருக்கிறார்கள். ஒரு விளையாட்டுக்காரரின் சட்டை முதுகில் நான் தைத்த பெயரில் ஒரு எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நின்றது. ஆட்டம் முழுவதும் அப்படியே ஓடினார். அடுத்த கிழமை திருத்தலாம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை ஆளையே திருத்திவிட்டார்கள். சட்டை மட்டும் என்னிடம் திரும்பி வந்தது.

நான் சூரிச்சுக்கு வெளியே இருக்கும் ஒரு அமெரிக்கன் ஃபுட்போல் கழகத்தில் சலவையும் தையலும் பார்க்கிறேன். முன்பு ஒரு ஹோட்டலின் சலவை அறையில் இருந்தேன். ஹோட்டல்காரர் துணியை வெளியே கொடுத்துத் தோய்ப்பிப்பது மலிவு என்று கண்டுபிடித்தபோது, நாங்கள் குடியிருக்கும் ஓர்லிகோனில் எங்கள் மாடிக்குக் கீழ் இருக்கும் குடும்பம் இந்த வேலையைச் சொன்னது. கழகத்தின் முகாமையாளர் சுவிஸ்காரர், மெல்லிய மனிதர், எதையும் மெதுவாகச் சொல்பவர். "ஃபுட்போல் பிடிக்குமா?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் எவரிடம் கேட்டாலும் என்ன சொல்வாரோ அதைத்தான் நானும் சொன்னேன், உயிர் என்று.

முதல் நாள் ஒரு பெட்டியைத் திறந்தால் தலைக்கவசங்கள். அடுத்த பெட்டியில், கூத்தில் இராவணனுக்குத் தோளில் கட்டுவது போன்ற பெரிய பெரிய கவசங்கள். பிழையான கதவுக்குள் வந்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் கேட்கவில்லை. கேட்பது எனக்கு வராத கலை.

வீட்டுக்கு வந்து மனைவிக்கு விளங்கப்படுத்தினேன்.

"பந்து உருண்டை இல்லை. பப்பாசிப்பழம் மாதிரி."

"காலால அடிச்சால் எங்க போகும்?"

"காலால அடிக்கிறேல்லை. கையில வைச்சுக்கொண்டு ஓடுறது."

"பிறகேன் ஃபுட்போல் எண்டுறாங்கள்?"

அந்தக் கேள்விக்கு நான் வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் யாரும் பதில் தரவில்லை. பெயரில் கால் இருக்கிறது. ஆட்டத்தில் கால் ஓடுகிறது, சில சமயம் முறிகிறது. அவ்வளவுதான்.

எங்கள் கழகம் தன்னைத் தொழில்முறை அணி என்று சொல்லிக்கொள்ளும். அதில் பாதி உண்மை. அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, வீடு இருக்கிறது. மற்றவர்கள் உள்ளூர்க்காரர். பகலில் வங்கியிலும் குழாய் திருத்தும் வேலையிலும் இருந்துவிட்டு, பின்னேரம் தண்ணீர்ப் போத்தலைத் தாங்களே கொண்டுவந்து தொழில்முறையாக மாறுபவர்கள். ஒரு அணியில் இத்தனை அமெரிக்கர்தான் இருக்கலாம் என்று லீக்கில் ஒரு விதி உண்டு. வெளிநாட்டுக்காரருக்கு அளவு வைப்பது இந்த நாட்டில் புதிதில்லை. அமெரிக்கருக்கும் அளவு வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு வந்த சின்னச் சந்தோசத்தை நான் மறைக்கப்போவதில்லை.

இந்த வருடம் பருவம் தொடங்கும்போது புதுப் பயிற்சியாளர் வந்தார். அமெரிக்கர். சுயிங்கத்தை மென்றுகொண்டே கதைப்பார். மெல்லுவது எது, கதைப்பது எது என்று எனக்குப் பிரித்தறிய முடிந்ததில்லை. முதல் ஆட்டத்தில் வென்றோம். எங்களோடு விளையாடிய அணியின் பேருந்து வழியில் பழுதாகி, அவர்கள் சாப்பிடாமல் வந்து இறங்கியிருந்தார்கள். அடுத்த நாள் பத்திரிகையில் "புதிய யுகம்" என்று போட்டிருந்ததாக மகள் வாசித்துச் சொன்னாள். யுகம் இரண்டு கிழமை நீடித்தது.

பிறகு தோற்கத் தொடங்கினோம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பயிற்சியாளர் ஒரே வசனத்தைச் சொன்னார். இன்னும் ஒரேயொரு ஆள் சரியாக அமைந்தால் போதும், நாங்கள் வென்றுவிடுவோம். அந்த ஒரு ஆளைத் தேடி ஆட்களை மாற்றினார். பந்தை எறிபவரை, குவார்ட்டர்பேக் என்பார்கள், மாற்றினார். பிடிப்பவரை மாற்றினார். எறிபவரை மறுபடி மாற்றினார். பயிற்சியாளர் மாற்றாத ஒரே ஆள் பயிற்சியாளர்தான்.

ஒருவரை நிறுத்துவதற்கு விளையாட்டுக்காரர் தங்களுக்குள் "கட்" என்பார்கள். மீன் வெட்டுவது போல, கட். முகாமையாளர் அப்படிச் சொல்லமாட்டார். அவர் பத்திரிகைக்குக் கொடுக்கும் அறிக்கையில் "இரு தரப்பும் இணங்கிப் பிரிந்தனர்" என்று வரும். இரு தரப்பும் எப்படி இணங்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் அறைக்கு வெளியே நடக்கும். ஒரு தரப்பு பையைக் கட்டும். மற்றத் தரப்பு கோப்பி குடிக்கும்.

ஆள் போனால் வேலை எனக்கு. சட்டையிலிருந்து பெயரைப் பிரிக்கவேண்டும். எழுத்துகளை எறியக்கூடாது, தடித்த துணியில் வெட்டியவை, கழகம் சிக்கனமானது. போனவரின் எழுத்துகளைக் கழற்றி வருபவருக்குத் தைப்பேன். ஜூலை மாதமளவில் எங்கள் அணியில் ஒருவருடைய முதுகிலும் சொந்தப் பெயர் முழுதாக இருக்கவில்லை. எல்லோரும் முன்பு தோற்றவர்களின் எழுத்துகளைச் சுமந்துகொண்டுதான் தோற்றார்கள்.

இதற்குள் ஒரு மனிதர் இருந்தார். அமெரிக்கர், மிகப் பெரியவர். கதவுக்குள் நேராக வரமாட்டார், பக்கவாட்டில் திரும்பித்தான் வருவார். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று, அவரைத் தள்ளி விழுத்த வருபவர்களை மறிப்பது அவருடைய வேலை. பந்தைத் தொடுவதில்லை. ஒரு பருவம் முழுவதும் பந்தைத் தொடாமல் பந்து விளையாடும் தொழில் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவரைப் பார்த்துத்தான் அறிந்தேன். என் மனைவி அவரை "உங்கட ஆனை" என்பாள்.

ஆனை என் சலவை அறைக்கு வரும். அங்கே இதமான சூடு, கைபேசிக்கு இணைப்பும் நன்றாகக் கிடைக்கும். துணிக்கூடையைக் கவிழ்த்து வைத்து அதில் இருப்பார். கூடைகள் இரண்டு உடைந்த பிறகு இரும்புப் பெட்டி ஒன்றை அவருக்கென்று ஒதுக்கினேன். என்னை "சேர்" என்று அழைப்பார். என் வாழ்க்கையில் என்னைச் சேர் என்று அழைத்த முதலாவது ஆள் அவர்தான். அதற்காகவே அவருடைய சட்டையைத் தனியாகத் தோய்த்தேன். தனியாகத் தோய்க்காவிட்டாலும் அது இயந்திரத்தை நிரப்பிவிடும் என்பது வேறு விடயம்.

அங்கே இருந்து மனைவியோடு கதைப்பார். அவர் இங்கே வந்த பிறகுதான் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. கைபேசியில் எனக்குக் காட்டுவார். ஒவ்வொரு நாளும் அதே குழந்தையைப் புதிதாகப் பிறந்தது போலக் காட்டுவார். அவர் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. ஆகஸ்டில் மனைவியும் குழந்தையும் வருவதாக இருந்தது, விமான ரிக்கற்றும் எடுத்தாகிவிட்டது, பருவம் முடியும்வரை கழகத்தின் வீட்டில் மூவரும் இருப்பார்கள். சுவரில் நான் மாட்டியிருந்த முருகன் கோயில் நாட்காட்டியில், எந்த நாள் என்று விரலால் தொட்டுக் காட்டினார். அவருடைய விரல் அந்தக் கிழமை முழுவதையும் மூடியது.

எனக்கு அது விளங்கியது. இந்த நாட்டில் மனைவிக்காகக் காத்திருப்பது எப்படி என்று நானும் படித்திருக்கிறேன். அந்தப் படிப்பை நான் ஐந்தாம் வகுப்போடு விடவில்லை.

ஜூலைக் கடைசியில் இன்னொரு தோல்வி. எங்கள் குவார்ட்டர்பேக்கை விழுத்தியவர்கள் எல்லோரும் இடப்பக்கத்தால் வந்தார்கள். அங்கே வங்கிக்காரர் நின்றார், நல்ல பிள்ளை, வழி விடும் சுபாவம். திங்கட்கிழமை வெட்டப்பட்டவர், வலப்பக்கத்தில் நின்ற ஆனை. காரணம் இருந்தது. புதுக் குவார்ட்டர்பேக் ஒருவரை எடுக்கிறார்கள், அவர் அமெரிக்கர், ஆகவே ஒரு அமெரிக்கர் போனால்தான் அளவு சரிவரும். வங்கிக்காரர் சுவிஸ்காரர். அவர் எவ்வளவு வழிவிட்டாலும் அளவுக்குள் வரமாட்டார்.

அன்று மத்தியானம் ஆனை வந்தார். சட்டை, கவசம், சப்பாத்து எல்லாவற்றையும் மேசையில் வைத்தார். "கட்" என்றார். கிழமை முடிவதற்குள் வீட்டை விடவேண்டும். கைபேசியை எடுத்தார், பார்த்தார், திரும்பப் பையில் வைத்தார். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை என்று விளங்கியது. வாசலுக்குப் போய், பக்கவாட்டில் திரும்பி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்லவேண்டிய இடம் அது.

எங்களில், வெளிக்கிடும் ஒருவரிடம் "போ" என்று சொல்வதில்லை. காகத்துக்குச் சொல்லலாம். மனிதருக்கு "போட்டு வாங்கோ", அதாவது போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்வோம். போகிறவரும் "போறன்" என்னமாட்டார், "போட்டு வாறன்" என்பார். ஒன்றும் சொல்லாமல் பிரிவது செத்த வீட்டில் மட்டும்தான். அந்த மனிதரைச் செத்த வீட்டிலிருந்து அனுப்புவது போல அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எனக்கு இங்கிலிஷ் குறைவு. இருந்ததை வைத்துச் சொன்னேன்.

"கோ அண்ட் கம்."

அவர் முகம் மாறியது. "கம்?" என்றார்.

"யெஸ். கம்."

"டியூஸ்டே?"

செவ்வாய்க்கிழமைதான் அணியின் பயிற்சி நாள். அவர் ஏன் கிழமையைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத இடங்களில் நான் செய்வதைச் செய்தேன். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அந்த ஆட்டலுக்கு எங்கள் ஊரில் ஓம் என்றும், இல்லை என்றும், நீங்கள் சொன்னால் சரி என்றும், என்னை விட்டால் போதும் என்றும் பொருள் உண்டு. அந்த அமெரிக்கருக்கு ஓம் என்ற ஒரே பொருள்தான் விளங்கியது போலிருக்கிறது. பயிற்சியாளரைப் பற்றி வேறு ஏதோ கேட்டார். அதற்கும் ஆட்டினேன். அவர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். என் கால்கள் நிலத்தை விட்டு எழும்பின. அமெரிக்கர்கள் இப்படித்தான் பிரியாவிடை சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே தொங்கினேன்.

பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றாள்.

"பாவம். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"போட்டு வாங்கோ எண்டு."

"எந்தப் பாஷையில?"

"இங்கிலிசில."

கிண்டுவது நின்றது. "அவர் திருப்பி என்ன கேட்டவர்?"

"செவ்வாய்க்கிழமையோ எண்டார்."

"நீங்கள்?"

தலையை ஆட்டிக் காட்டினேன்.

"என்னப்பா, அந்த மனுசன் நாளைக்கு வரப்போறார்."

"வந்தால் என்ன செய்யிறது?"

"நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள். தேத்தண்ணி குடுங்கோ."

ஒரு அழைப்பு எடுத்து விடயத்தைச் சொல்லியிருக்கலாம். இங்கிலிஷில் சொல்லவேண்டும், அதுவும் கைபேசியில், அதுவும் நீங்கள் வரவேண்டாம் என்று. மகள் கதைத்திருப்பாள், ஆனால் அவளுக்கு என்னத்தைச் சொல்லிக் கதைக்க வைப்பது. நான் சாப்பிட்டேன். அன்று குழம்பில் உப்புக் கூட என்று சொல்லும் தைரியம்கூட எனக்கு இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆனை வந்தார். எல்லோருக்கும் முதல் வந்தார். எனக்கு ஒரு சொக்கிலேற் பெட்டி கொண்டுவந்திருந்தார். பயிற்சிச் சட்டையைக் கேட்டார். நான் கொடுத்தேன். வேறு என்ன செய்வது.

சலவை அறை யன்னலால் மைதானம் தெரியும். பயிற்சியாளர் வந்தார். வரிசையில் ஆனை நிற்பதைக் கண்டார். மெல்லுவது நின்றது. பிறகு மேலே, அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற முகாமையாளரை நிமிர்ந்து பார்த்தார். முகாமையாளர் ஆனையைப் பார்த்தார், பிறகு பயிற்சியாளரைப் பார்த்தார். மனம் மாறித் திரும்பக் கூப்பிட்டது மற்றவர்தான் என்று இருவருமே நினைத்தார்கள். கேட்டிருக்கலாம். கேட்டால், தமக்குத் தெரியாமல் கழகத்தில் ஒன்று நடந்திருக்கிறது என்பது வெளியே வந்துவிடும். ஆகவே இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையசைத்தார்கள், எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்ற தலையசைப்பு. என் ஆட்டலிலாவது பாதி உண்மை இருந்தது.

என்னுடைய பிரச்சினை வேறு. ஆனையின் சட்டையை நான் திங்கட்கிழமையே பிரித்துவிட்டேன். அவருடைய பெயரில் இரண்டு எழுத்துகள் புதுக் குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் போய்விட்டன. அதைக் கழற்றித் திரும்பவும் இங்கே தைத்தேன். புதியவர் பெயர் இரண்டு எழுத்துக் குறைவாக நின்றது. சனிக்கிழமைக்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை மனைவி அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போய் ஆனைக்கு அர்ச்சனை செய்வித்தாள். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டிருக்கிறார். "நட்சத்திரம் தெரியாது ஐயா, அமெரிக்காக்காரர், நல்ல உடம்பு" என்றாளாம். ஐயர் சுவாமி பேருக்கே செய்துவிட்டார்.

முருகன் என்ன செய்தாரோ தெரியாது. புதுக் குவார்ட்டர்பேக் வந்து இறங்கினார், அவருடைய பழைய கழகத்திலிருந்து வரவேண்டிய விடுவிப்புக் கடிதம் வந்து இறங்கவில்லை. ஆகவே சனிக்கிழமை அவர் விளையாட முடியாது. அளவு தானாகச் சரிவந்தது. முன்பு எறிந்த உள்ளூர்க்காரருக்கு விழுந்து விழுந்து தோள் நொந்திருந்ததால், ஒரு உள்ளூர் மாணவன் குவார்ட்டர்பேக்காக இறங்கினான். அவன் கொஞ்சம் பயந்த பிள்ளை, ஆனைக்குப் பின்னாலேயே நின்றான். ஆனைக்குப் பின்னால் நின்றால் ஊரே மறையும்.

தோற்றோம். ஆனால் குறைவாகத் தோற்றோம். பயிற்சியாளர் பத்திரிகைக்காரரிடம், அணியில் நிலையான ஆட்களை வைத்திருப்பதன் பலன் இது என்றார். முகாமையாளர் பக்கத்தில் நின்று தலையசைத்தார்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. அளவு மறுபடி கூடியது. யாரோ ஒரு அமெரிக்கர் போகவேண்டும். எனக்கு அந்த நாட்களில் நூல் ஊசிக்குள் போக மறுத்தது. குழந்தை வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வெட்டினால் ஆனை விமான நிலையத்தில் குழந்தையை வரவேற்று, அதே விமானத்தில் ஏறித் திரும்பவேண்டி வரும். ஆனால் வெட்டப்பட்டவர், ஓடிப் பந்து பிடிக்கும் ஒருவர். ஆனையை இப்போதுதானே நிலையான ஆள் என்று பத்திரிகையில் சொல்லியிருக்கிறார்கள், உடனே வெட்ட முடியாது. ஓடிப் பிடிப்பவர் சட்டை கொடுக்க வந்தபோது நான் உலர்த்தும் அறைக்குள் நின்றேன். அவரை நான் எதற்கும் அழைத்துவிடக்கூடாது அல்லவா.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஆனை நன்றியுள்ள மனிதர். குழந்தை வருவதற்கு முதல் நாள் முகாமையாளரின் கையைப் பிடித்து, திரும்பக் கூப்பிட்டதற்கு நன்றி என்றிருக்கிறார். கீழே இருக்கும் சேர்தான் செய்தி சொன்னார் என்றும் சொல்லியிருக்கிறார்.

முகாமையாளர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"நீங்கள் அவரைத் திரும்பி வரச் சொன்னீர்களா?"

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். காகத்தையும் சொன்னேன், செத்த வீட்டையும் சொன்னேன். அவர் இரும்புப் பெட்டியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆனை இருந்த இடத்தில் அவர் இருந்தது, யாரோ மறந்துபோய் விட்ட குடை போல இருந்தது.

"அப்படியென்றால் உங்கள் ஊரில் ஒருவரை வேலையிலிருந்து எப்படி நிறுத்துவார்கள்?"

"அப்போதும் போட்டு வாங்கோ என்றுதான் சொல்வோம்."

"அவர் திரும்பி வந்தால்?"

"வரமாட்டார்."

"ஏன்?"

"அவருக்குத் தமிழ் தெரியும்."

முகாமையாளர் இயந்திரம் சுற்றுவதைப் பார்த்தார். அவர் எதைக் கணக்குப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் ஆனையை நிறுத்தலாம். ஆனால் கழகத்தின் ஆட்களைத் தெரிவு செய்வது சலவைக்காரர் என்று பத்திரிகையில் வரும். அதைவிட மோசம், சலவைக்காரர் எடுத்த ஆள்தான் இந்தப் பருவத்தின் ஒரே நல்ல முடிவு என்றும் வரும்.

"இது இந்த அறைக்குள் இருக்கட்டும்" என்றார். எழும்பினார். "இனிமேல் யாராவது போனால் 'உஃப் வீடர்லுவகே' என்று மட்டும் சொல்லுங்கள். இங்கே எல்லோரும் சொல்வது அதுதான்."

வீட்டில் மகளிடம் அதன் பொருளைக் கேட்டேன். திரும்பவும் பார்க்கும்வரை என்றாள். அப்படியென்றால் இவர்களும் திரும்ப வரச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஒருவரும் வரக்கூடாது என்பது இரு தரப்பும் இணங்கிய விடயம் போலிருக்கிறது.

குழந்தை வந்தது. விமான நிலையத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மூவரும் சலவை அறைக்கு வந்தார்கள். ஆனையின் மனைவி சின்னப் பெண், எங்களில் உள்ள உயரம்தான். குழந்தை ஆனையின் உள்ளங்கையில் தொடங்கி முழங்கைக்கு முன்னமே முடிந்துவிட்டது. அவர் அசையாமல் நின்றார். மைதானத்தில் நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் ஆடாத மனிதர், குழந்தை தும்மியதற்குப் பயந்து சுவரோடு சாய்ந்தார். நான் அவருடைய சட்டையைச் சூடாக இயந்திரத்திலிருந்து எடுத்து மேசையில் விரித்தேன். குழந்தையை அதில் கிடத்தினார்கள். முதுகில் அப்பாவின் பெயர், எல்லா எழுத்தும் இருந்தன, எல்லாம் நேராகவும் இருந்தன. நான் அதை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பரில் பருவம் முடிந்தது. புள்ளிப் பட்டியலின் அடியில் முடிந்தோம். எங்களுக்குக் கீழே இன்னொரு அணி இருந்தது, அதுவும் பருவத்தின் நடுவில் காசில்லாமல் கலைந்துவிட்டது, ஆகவே நாங்கள் கடைசி இல்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். பயிற்சியாளரும் கழகமும் இணங்கிப் பிரிந்தார்கள். அவர் மேலங்கியைக் கொடுக்க வந்தபோது, நான் மிகத் தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக, உஃப் வீடர்லுவகே என்றேன். தலையை அசைக்கவே இல்லை.

ஆனை குடும்பத்தோடு வெளிக்கிட்ட அன்று முகாமையாளரும் வந்து என் பக்கத்தில் நின்றார். என் வாயைக் காவல் காக்க வந்தார் என்று நினைக்கிறேன். ஆனை என்னைப் பார்த்துக்கொண்டு காத்துநின்றார். எனக்குச் சொல்லித் தந்ததையே சொன்னேன். அவருடைய முகம் கொஞ்சம் விழுந்தது. உள்ளே அழைத்துவிட்டு நாற்காலி காட்டாதது போல இருந்தது எனக்கு.

ஆனால் அன்று என் மனைவியும் வந்திருந்தாள், வழிக்குச் சாப்பிட மீன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு. அவள் கழகத்தில் வேலை செய்யவில்லை. அவளை யாரும் வெட்ட முடியாது. குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, தாயைப் பார்த்து, "போட்டு வாங்கோ பிள்ளை" என்றாள். பிறகு விளங்கவேண்டுமே என்று, "கோ அண்ட் கம்."

"வென்?", எப்போது என்று கேட்டாள் அந்தப் பெண். கணவன் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும்.

மனைவிக்கு என்னைப் போல வெட்கம் கிடையாது. இரண்டு விரலை மேசையில் வைத்து நடத்திக் காட்டினாள். குழந்தையைக் காட்டினாள். இவள் நடக்கத் தொடங்கினதும் என்று அர்த்தம். முகாமையாளர் கூரையைப் பார்த்தார்.

பிரித்த எழுத்துகளைப் பெட்டியில் போடச் சொன்னார்கள். ஆனையின் எழுத்துகளை நான் போடவில்லை. ஒரு நூலில் கோத்து, நாட்காட்டி மாட்டிய ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

போன கிழமை முகாமையாளர் மறுபடி கதவைச் சாத்தினார். புதுப் பயிற்சியாளர் வருகிறாராம். அவர் பழைய ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, வலப்பக்கத்தில் நின்ற அந்தப் பெரிய மனிதர் எங்கே என்று கேட்டாராம். கழகம் எழுதினால் ஆனை நம்புவாரோ தெரியாது, ஒருமுறை வெட்டிய கழகம் அல்லவா. முகாமையாளர் கையைப் பிசைந்தார். "நீங்கள் ஒரு வரி எழுத முடியுமா? அந்த... உங்களுடைய அதை."

வந்தால் குடும்பத்தோடு வருவார்கள். வந்தால் ஜூலையில் கழகம் தோற்கும், தோற்றால் ஆளைத் தேடுவார்கள், தேடினால் அமெரிக்கர் ஒருவர் போகவேண்டி வரும். எனக்கு அதெல்லாம் தெரியும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதை ஜெர்மனில் சொல்லத் தெரியாமல் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அவர் மகிழ்ச்சியோடு கை கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே எழுதத்தான் வேண்டும். அதற்கு முன் நடந்ததைத் தமிழில் ஒழுங்காக எழுதி வைப்போம் என்று இன்று இருந்தேன். மகளிடம் அந்த இங்கிலிஷ் வரிக்கு எழுத்துக் கேட்டேன். முழுதாக எழுதித் தந்தாள். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, முதல் பாதியை வெட்டச் சொன்னாள்.

"கோ ஏன்? அவர்தான் போயிட்டாரே. கம் மட்டும் போடுங்கோ."

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.